வாரம் பெர்சி புனித மார்ட்டின் கோவில்

வாரம் பெர்சி புனித மார்ட்டின் கோவில் என்பது இங்கிலாந்தின் வட யார்க்சையர் பகுதியில், யார்க்சையர் வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக்கல் குன்றுகளுக்கு நடுவே இடிந்து நிற்கும் ஓர் இடைக்காலப் பங்குக் கோவிலாகும். அருகிலுள்ள சந்தை நகரம் மால்டன். கோவிலுக்குக் கூரை இல்லை. மேற்கு முனையிலுள்ள மணிக்கோபுரத்தில் பாதி சரிந்துவிட்டது. சுற்றிலும் கல்லறைத் தோட்டம், தெற்கே ஒரு குளம், மேட்டு நிலத்தில் புல் மூடிய வீட்டு மேடைகள் ஆகியவை உள்ளன. கோவிலைச் சூழ்ந்திருந்த ஊர் ஏறக்குறைய 1500ஆம் ஆண்டளவில் கலைந்துபோனது. ஆயினும் அக்கோவிலில் 1949 வரை வழிபாடு நடந்தது. ஊர் போன பிறகும் கோவில் நான்கரை நூற்றாண்டு காலம் உயிரோடு இருந்தது எப்படி என்பதும், அதன் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த எலும்புகள் ஏடுகளில் இடம்பெறாத உழவர்களைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதும் இக்கோவிலின் வரலாற்றைத் தனித்துவம் உடையதாக்குகின்றன.

(ஊர்ப் பெயரிலுள்ள 'வாரம்' தமிழ்ச் சொல் அன்று, ஆங்கில உச்சரிப்பின் ஒலிபெயர்ப்பு மட்டுமே. 'பெர்சி' என்பது அவ்வூரை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் பெயர். சற்று வடக்கே வாரம்-லெ-ஸ்ட்ரீட் என்ற இன்னொரு வாரம் இருப்பதால் இந்தப் பின்னொட்டு தேவைப்பட்டது.)

பங்கும் ஊரும்

இடைக்கால இங்கிலாந்தில் பங்கு என்பது ஓர் ஊரைக் குறிப்பதாக இருக்க வேண்டியதில்லை. அது ஒரு கோவிலுக்குக் கட்டுப்பட்ட நிலப்பரப்பு. அந்தப் பரப்பில் விளையும் தானியம், வைக்கோல், ஆட்டுக்குட்டி, கம்பளி அனைத்திலும் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகக் கோவிலுக்குச் சேர வேண்டும். அதற்கு ஈடாக அங்குள்ளோர் அக்கோவிலில் திருமுழுக்குப் பெறவும், மணம் முடிக்கவும், இறந்தபின் அதன் மண்ணில் அடக்கம் செய்யப்படவும் உரிமை பெற்றிருந்தனர். அடக்க உரிமை சிறிய விடயம் அன்று. அடக்கத்தோடு காணிக்கையும் வந்தது. ஆகவே எந்தக் கோவில் யாரை அடக்கம் செய்யலாம் என்பது பணம் சார்ந்த கேள்வியாகவும் இருந்தது.

வாரம் பெர்சிப் பங்கில் ஐந்து ஊர்கள் இருந்தன. வாரம் பெர்சி, திக்சென்டேல், ரெயிஸ்தார்ப், பர்டேல், டோத்தார்ப் என்பன அவை. ஒவ்வோர் ஊருக்கும் தனி வயல்கள், தனி எல்லை. ஆனால் தாய்க்கோவில் ஒன்றுதான். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். வாரம் பெர்சி ஊர் அழிந்தபோதும் பங்கு அழியவில்லை. மற்ற ஊர்க்காரர்களின் தசமபாகமும் பிணங்களும் அதே பள்ளத்தாக்குக்கே வந்துகொண்டிருந்தன.

மேலும் ஒரு செய்தி. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கோவிலின் வருவாய் உரிமை ஹால்டெம்பிரைஸ் என்னும் துறவு மடத்துக்குச் சென்றது. மடம் பெரிய தசமபாகங்களை எடுத்துக்கொண்டு, வழிபாடு நடத்த ஒரு பதிலிக் குருவை அமர்த்தியது. அந்நாளில் இது பரவலான வழக்கம். எட்டாத தொலைவில் உள்ள மடத்துக்கு, பங்கு என்பது முதன்மையாக ஒரு வருமானக் கணக்கு. கோவில் பழுதடைந்தால் கவலைப்பட வேண்டியவர்கள் உள்ளூர் மக்களே. பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது வருவாய் பெறுபவரின் பொறுப்பு, நடுக்கூடத்தைப் பராமரிப்பது பங்கு மக்களின் பொறுப்பு என்பது இங்கிலாந்தில் வழங்கிய விதி.

சுவர்களில் தெரியும் வளர்ச்சியும் தேய்வும்

கோவில் 1962 முதல் 1974 வரை உள்ளும் புறமும் அகழ்ந்து ஆராயப்பட்டது. ஓர் ஆங்கிலேயப் பங்குக் கோவில் இவ்வளவு முழுமையாகத் தோண்டப்படுவது அன்று அரிதானது. வழிபாடு நடக்கும் கோவிலில் அப்படிச் செய்ய இயலாது. இடிந்துபோனதே இங்கு வாய்ப்பாயிற்று.

தரைக்குக் கீழே முதலில் எழுந்தது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு மரக்கோவில் என்பதற்கான குழித்தடங்கள் கிடைத்தன. அக்காலத்தில் நிலப்பிரபுக்கள் தம் பண்ணைகளில் தமக்கென்று சிறு கோவில்கள் கட்டிக்கொள்வது பெருகி வந்தது. பிற்காலப் பங்குக் கோவில்களில் பல அப்படித் தோன்றியவையே. மரக்கோவிலின் இடத்தில் பின்னர் ஒரு சிறு கற்கோவில் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் அதையும் அகற்றிவிட்டு, நீண்ட நடுக்கூடமும் அரைவட்டமாக முடியும் பலிபீடப் பகுதியும் கொண்ட பெரிய கோவில் கட்டப்பட்டது. இன்று நிற்கும் சுவர்களின் அடிப்படை அந்தக் கட்டடமே.

அடுத்து வந்தது நெருக்கடி. ஆனால் நல்ல வகை நெருக்கடி. மக்கள் தொகை பெருகியது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்குச் சுவரை உடைத்து, தூண்களும் வில்வளைவுகளும் அமைத்து, ஒரு பக்கக்கூடம் சேர்க்கப்பட்டது. பின்னர் வடக்கிலும் அதுபோலவே ஒரு பக்கக்கூடம் எழுந்தது. ஊரும் அக்காலத்தில் உச்சத்தில் இருந்தது. மேட்டு நிலத்தில் வரிசையாக வீட்டுமனைகள், ஒவ்வொன்றுக்கும் பின்புறம் தோட்டம், அதற்கப்பால் நீண்ட உழவு நிலங்கள் என்று திட்டமிட்ட ஊராக அது அமைந்திருந்தது.

பிறகு கட்டடம் பின்னோக்கி நடந்தது. இரண்டு பக்கக்கூடங்களும் வெவ்வேறு காலங்களில் இடிக்கப்பட்டன. வில்வளைவுகளின் இடைவெளிகள் கல்வைத்து அடைக்கப்பட்டன. இடித்த பக்கக்கூடங்களின் சன்னல்கள் வீணாக்கப்படாமல் அந்த அடைப்புச் சுவர்களில் பொருத்தப்பட்டன. பலிபீடப் பகுதியும் பிற்காலத்தில் குறுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் பார்த்த கோவில், 13ஆம் நூற்றாண்டு மனிதர் பார்த்ததைவிடச் சிறியது.

இன்று உள்ளே நின்று பார்ப்பவர்களுக்குச் சுவரில் புதைந்த தூண்களும் அடைபட்ட வளைவுகளும் தெளிவாகத் தெரிகின்றன. எங்கே வளைவு திறந்ததோ அங்கே மக்கள் பெருகினர். எங்கே அடைபட்டதோ அங்கே குறைந்தனர். கட்டடக்கலையின் நேர்த்திக்காக இக்கோவிலைப் பார்க்க யாரும் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. யார்க்சையரில் இதைவிட அழகிய கோவில்கள் எத்தனையோ உண்டு. ஒரு சமூகத்தின் ஏற்ற இறக்கம் இத்தனை வெளிப்படையாகக் கல்லில் பதிந்திருக்கும் இடங்கள் தாம் குறைவு.

ஊர் கலைந்த விதம்

வாரம் பெர்சியைக் கொள்ளைநோய் அழித்தது என்ற கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. இன்றும் சுற்றுலாப் பேச்சில் கேட்கலாம். 1348-49ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தைத் தாக்கிய கறுப்புச் சாவு இவ்வூரையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ஊர் அதனால் அழியவில்லை. 1368இல் ஏறத்தாழ 30 வீடுகளில் குடியிருப்பு இருந்தது. 1458இல் அது 16 வீடுகளாகக் குறைந்திருந்தது. கொள்ளைநோய்க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு காலம் ஊர் தேய்ந்துகொண்டே இருந்தது என்பதே சரி.

தேய்வுக்குக் காரணம் பொருளாதாரம். கொள்ளைநோய்க்குப் பின் நாடெங்கும் உழைப்பாளர் குறைந்தனர், கூலி உயர்ந்தது. மெல்லிய மண் போர்த்திய சுண்ணக்கல் மேட்டில் கோதுமையும் பார்லியும் விளைவித்து வயிறு கழுவிய குடும்பத்துக்கு, பள்ளத்தாக்கில் நல்ல நிலம் வெறுமனே கிடக்கும்போது இங்கே இருக்க என்ன கட்டாயம்? சிலர் தாமாகவே புறப்பட்டனர். நிலப்பிரபுவின் கணக்கோ வேறு. உழவுக்கு ஆட்கள் பலர் வேண்டும். ஆடு மேய்க்க ஓரிருவர் போதும். கம்பளிக்கு விலை இருந்தது. ஆக, குடியானவர் இல்லாத நிலமே குடியானவர் உள்ள நிலத்தைவிட இலாபம் தருவதாக மாறியது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சி குடும்பம் இவ்வூரை நிலமாற்று முறையில் டரம் பகுதியைச் சேர்ந்த ஹில்டன் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. அதன்பின் பிரபு தொலைவில் இருந்தார். 1517இல் கர்தினால் வுல்சியின் முன்முயற்சியில் அரசு ஒரு விசாரணை நடத்தியது. 1488க்குப் பிறகு யார் யார் உழவு நிலத்தை வேலியிட்டு மேய்ச்சல் நிலமாக்கினர், எத்தனை வீடுகளை இடித்தனர் என்று ஊர் ஊராகக் கேட்கப்பட்டது. வாரம் பெர்சியில் ஹில்டன் பிரபு நான்கு வீடுகளைக் காலி செய்தார், நான்கு ஏர்கள் நின்றுபோயின என்று அந்த விசாரணை பதிவு செய்தது.

நான்கு வீடுகள் என்பது சிறு எண் போலத் தோன்றும். ஆனால் அதுதான் கடைசி எண். ஒருகாலத்தில் சுமார் 30 அடுப்புகள் எரிந்த ஊரில் மிச்சமிருந்த நான்கும் அணைக்கப்பட்டதையே அந்த வரி சொல்கிறது. அக்குடும்பத்தினர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி அரசு அதிகாரிகள் அக்கறை காட்டவில்லை. ஏர்கள் நின்றால் தானியம் குறையும், படைக்கு ஆள் குறையும் என்பதே அரசின் கவலை.

வாரம் பெர்சி தனித்த நிகழ்வும் அன்று. பங்கின் மற்ற ஊர்களான ரெயிஸ்தார்ப், பர்டேல், டோத்தார்ப் ஆகியவையும் காலப்போக்கில் கலைந்து பண்ணை வீடுகளாகச் சுருங்கின. ஐந்தில் ஊராகத் தப்பியது திக்சென்டேல் ஒன்றே.

ஊர் இல்லாத கோவில்

திக்சென்டேல் மக்கள் வாரம் பெர்சிக் கோவிலுக்கு வர 3 கிலோமீட்டருக்கும் மேல் குன்றும் பள்ளமுமான பாதையில் நடக்க வேண்டும். ஞாயிறு தோறும், குழந்தை பிறந்தபோதும், இறந்தவரைச் சுமந்துகொண்டும் அவர்கள் அவ்வாறு நடந்தனர். பனிக்காலத்தில் வோல்ட்ஸ் குன்றுகளின் மேல் பிணப்பெட்டியைத் தூக்கி வருவது எளிதாக இருந்திருக்காது. கோவிலைத் திக்சென்டேலுக்கு மாற்றியிருக்கலாமே என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். ஆனால் பங்குக் கோவில் என்பது நினைத்த இடத்துக்கு மாற்றக்கூடிய கட்டடமாக அக்காலத்தவர்க்குத் தெரியவில்லை. அதன் மண் புனிதப்படுத்தப்பட்ட மண். அவர்களுடைய முன்னோர் அங்கே கிடந்தனர். சட்டப்படியான உரிமைகளும் அந்த மண்ணோடு கட்டப்பட்டிருந்தன.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை உரோமையிலிருந்து பிரிந்தது. மடங்கள் கலைக்கப்பட்டன, ஹால்டெம்பிரைஸ் மடமும் போனது. வழிபாட்டின் மொழியும் முறையும் மாறின. ஆயினும் அடக்கங்கள் அதே தோட்டத்தில் தொடர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஊரிருந்த மேட்டின் கீழ்ப்புறம் கோவிலுக்கு அருகே ஒரு பண்ணை அமைந்தது. 1853இல் மால்டனையும் டிரிஃபீல்டையும் இணைக்கும் இரயில் பாதை பள்ளத்தாக்கு வழியாகத் திறக்கப்பட்டது. இரயில் வந்தும் ஊர் திரும்பவில்லை. அந்தப் பாதையே 1958இல் மூடப்பட்டது.

கோவிலுக்கு உண்மையான அடி 1870இல் விழுந்தது. செல்வந்த நிலக்கிழாரான சர் டாட்டன் சைக்ஸ், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டைக் கொண்டு திக்சென்டேலில் புதிய கோவில் ஒன்றைக் கட்டி முடித்தார். அதன்பின் பழைய கோவிலுக்கு நடந்து வரக் காரணம் உள்ளவர்கள் சிலரே. எஞ்சிய சிலருக்காக அவ்வப்போது நடந்த வழிபாடும் 1949இல் நின்றது. கூரையிலிருந்த ஈயத் தகடுகள் களவு போயின. நீர் சுவருக்குள் இறங்கியது. 1959 டிசம்பரில் மணிக்கோபுரத்தின் ஒரு பாதி சரிந்து விழுந்தது. ஏறக்குறைய ஓராயிரம் ஆண்டு நின்ற வழிபாட்டிடம் பாழடையப் பத்தாண்டே போதுமானதாயிற்று.

வரலாற்றாசிரியரும் அகழாய்வாளரும்

விந்தை என்னவெனில், கோவில் கைவிடப்பட்ட அதே ஆண்டுகளில் தான் கலைந்த ஊரைத் தேடி ஆட்கள் வந்தனர். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் மிக அரிது என்றே அதுவரை முன்னணிப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கருதி வந்தனர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு அதை மறுத்தார். வரி ஏடுகளில் உள்ள பெயர்களையும், வயல்வெளிகளில் தெரியும் மேடு பள்ளங்களையும், வானிலிருந்து எடுத்த படங்களையும் ஒப்பிட்டு, மறைந்த ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் காட்டினார். 1954இல் வெளிவந்த 'இங்கிலாந்தின் தொலைந்த ஊர்கள்' என்னும் அவருடைய நூல் அத்துறைக்கே அடித்தளம் இட்டது.

பெரெஸ்ஃபோர்டு 1948இல் வாரம் பெர்சியைப் பார்த்தார். 1950இல் அங்கே தோண்டத் தொடங்கினார். அவர் தொல்லியல் பயிற்சி பெற்றவர் அல்லர். ஊர் எப்போது கலைந்தது என்பதற்கு விடை தேடி, சுவர் தென்பட்டால் அதைப் பின்தொடர்ந்து தோண்டுவதே அவருடைய முறை. 1952இல் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்தபின் ஆய்வின் தரமே மாறியது. சிறு குழிகளுக்குப் பதிலாக ஒரு வீட்டுமனை முழுவதையும் மேலிருந்து அடுக்கடுக்காகத் திறந்து பார்க்கும் முறையை ஹர்ஸ்ட் கொண்டுவந்தார். டென்மார்க்கில் நடந்து வந்த ஆய்வுகளே அதற்கு முன்மாதிரி. கல் அடித்தளம் மட்டும் எஞ்சிய குடியானவர் வீடுகளுக்கு அந்த முறையே பொருந்தியது.

ஆண்டுதோறும் கோடையில் தன்னார்வலர்கள் வந்து தங்கித் தோண்டினர். கோவிலுக்கு அருகே எஞ்சியிருந்த பண்ணைக் குடில்களே அவர்களின் முகாம். இப்படி 1990 வரை, நாற்பது ஆண்டுகள் நடந்தது. ஆய்வறிக்கைகள் 13 தொகுதிகளாக வெளிவந்தன. இறுதித் தொகுதி வெளியானது 2012இல். தொடங்கியவர்களான ஹர்ஸ்ட் 2003இலும் பெரெஸ்ஃபோர்டு 2005இலும் மறைந்துவிட்டிருந்தனர்.

கல்லறைத் தோட்டம் சொல்வது

இங்கிலாந்தில் பங்குகள் தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஆணை வந்தது 1538இல். அதற்கு முன் வாழ்ந்து மடிந்த உழவர்களின் பெயர்கள் வரி ஏட்டிலோ, பிரபுவின் மன்றத்தில் தண்டம் கட்டியபோதோ இடம்பெற்றிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் இல்லை. வாரம் பெர்சியில் அந்த இடைவெளியை நிரப்ப எலும்புகள் இருந்தன.

கோவிலிலும் அதைச் சூழ்ந்த தோட்டத்திலும் இருந்து 687 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவை 10ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலானவை, பெரும்பாலானவை இடைக்காலத்தவை. கிறித்தவ வழக்கப்படி தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடத்தப்பட்டவர்கள். சைமன் மேஸ் என்னும் எலும்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஒரே நாட்டுப்புறச் சமூகத்திலிருந்து இவ்வளவு பெரிய, நன்கு எஞ்சிய எலும்புத் தொகுதி கிடைப்பது அரிது. நகரக் கல்லறைகளும் மடக் கல்லறைகளும் தோண்டப்பட்ட அளவுக்குச் சிற்றூர்க் கல்லறைகள் தோண்டப்பட்டதில்லை.

குழந்தைகளிடமிருந்து தொடங்கலாம். எலும்பிலுள்ள நைதரசன் ஐசோடோப்பு அளவைக் கொண்டு ஒரு குழந்தை எதுவரை தாய்ப்பால் குடித்தது என்று கணிக்க முடியும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் அவ்வளவு தாயினுடையதைவிட உயர்ந்திருக்கும். பால் நின்றபின் இறங்கும். இவ்வூர்க் குழந்தைகளுக்குச் சுமார் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. அதன் பயன் எலும்பிலேயே தெரிகிறது. முதல் ஆண்டில் அவர்களுடைய வளர்ச்சி இன்றைய குழந்தைகளின் வளர்ச்சியோடு ஒத்திருந்தது. பால் நின்றபின் பின்தங்கத் தொடங்கினர். பத்து வயதில் இன்றைய சிறாரைவிடச் சுமார் 20 செண்டிமீட்டர் குட்டையாக இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைகளில் உழைத்த சிறாரின் உயரத்தோடு அது ஒப்பிடத்தக்கது. நாட்டுப்புறக் காற்று, பசும்புல், ஆட்டுமந்தை என்று இடைக்கால உழவர் வாழ்வை இனிமையாகக் கற்பனை செய்பவர்களுக்கு இந்த ஒப்பீடு கசப்பானது.

ஆனால் தப்பி வளர்ந்தவர்கள் ஓரளவு ஈடுசெய்துகொண்டனர். வளர்ச்சி இன்றைவிட நீண்ட காலம் நீடித்ததால், வயது வந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 169 செண்டிமீட்டரையும் பெண்களுடையது சுமார் 158 செண்டிமீட்டரையும் எட்டியது. வயது வந்தோரில் கணிசமானோர் 50 வயதைத் தாண்டி வாழ்ந்தனர். இடைக்காலத்தில் எல்லோரும் முப்பதிலேயே இறந்தனர் என்ற எண்ணம் குழந்தை இறப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் வரும் தவறு.

முதுமையோடு எலும்புத் தேய்வும் இருந்தது. நடையும் உழைப்பும் மிகுந்த அக்காலத்துப் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறையாது என்று எதிர்பார்க்கப்பட்டது. அளந்து பார்த்தபோது, மாதவிடாய் நின்றபின் அவர்களும் இன்றைய பெண்களைப் போலவே எலும்பு அடர்த்தியை இழந்திருந்தனர். உடலுழைப்பற்ற நவீன வாழ்க்கை மட்டுமே எலும்புத் தேய்வுக்குக் காரணம் என்ற வாதத்துக்கு ஒரு சிற்றூர்க் கல்லறைத் தோட்டம் இப்படி மறுப்புச் சொன்னது.

காசநோயைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. கால்நடைகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு மாட்டுக் காசநோய்க் கிருமியே தொற்றியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. நோயின் அடையாளம் கொண்ட ஒன்பது எலும்புக்கூடுகளில் பழைய மரபணுவைச் சோதித்தனர். கண்டறியப்பட்டது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் கிருமியே. மாட்டுக் கிருமி அன்று.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியவர் 10 அல்லது 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, ஏறக்குறைய நாற்பது வயதான ஓர் ஆண். மழுங்கிய ஆயுதத்தால் தலையில் விழுந்த பலத்த அடியில் அவருடைய மண்டையோடு உள்நோக்கி நொறுங்கியிருந்தது. யாரோ ஒருவர் தலைத்தோலை விலக்கி, எலும்பைச் சுரண்டி நீக்கி, மூளையின் மேலிருந்த அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். எலும்பின் விளிம்பு ஆறியிருப்பதால் அவர் அதன்பின் பல காலம் பிழைத்திருந்தார் என்பது உறுதி. மருத்துவம் செய்தவர் ஊர்க்காரரா, ஊர் ஊராகச் சென்றவரா என்பதை எலும்பு சொல்லாது. ஆனால் கிரேக்க, உரோமானிய மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டிருந்த ஒரு சிகிச்சை, ஏடு படிக்கத் தெரியாத ஓர் உழவர் ஊரில் கைகூடியிருக்கிறது.

குழியில் கிடந்த 137 எலும்புகள்

ஊரில் இறந்த எல்லோரும் கோவில் மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. 1960களில் வீட்டுமனைகளுக்கு இடையே ஒரு குழிப்பகுதியில் மனித எலும்புகள் கிடைத்தன. முதலில் அவை பழங்காலத்தவை என்று கருதி ஒதுக்கி வைக்கப்பட்டன. பிறகு கரிமக் காலக்கணிப்பு அவற்றை இடைக்காலத்தில், பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் வைத்தது. 2017இல் மேஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை செய்தித்தாள்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

எலும்புகள் 137. குறைந்தது பத்துப் பேருடையவை. இரண்டு முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையிலிருந்து 50 வயதைக் கடந்தவர் வரை, இரு பாலாரும் அதில் அடக்கம். 17 எலும்புகளில் மொத்தம் 76 வெட்டுத் தடங்கள், பெரும்பாலும் கத்தியால் ஏற்பட்டவை, உடலின் மேற்பகுதியில் மட்டும் காணப்பட்டன. சில எலும்புகள் குறைந்த வெப்பத்தில் எரிந்திருந்தன. சில நீண்ட எலும்புகள் உடைக்கப்பட்டிருந்தன. இவை அனைத்தும் மரணத்தை ஒட்டிய காலத்தில் நடந்தவை. ஒரே நாளில் நடந்ததும் அன்று. பல நிகழ்வுகளின் எச்சம்.

அயலூராரைக் கொன்று இப்படிச் செய்தார்களோ என்று பார்க்கப் பற்களிலுள்ள ஸ்டிரான்சியம் சோதிக்கப்பட்டது. குழந்தைப் பருவத்தில் உண்டு குடித்த நிலத்தின் முத்திரை பல்லில் தங்கும். அந்தப் பற்கள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை என்றே முடிவு வந்தது. அதாவது இவர்கள் அக்கம்பக்கத்தவர்கள்.

பஞ்சத்தில் மனித இறைச்சி உண்ணப்பட்டது என்பது ஒரு விளக்கம். ஆய்வாளர்கள் அதை முற்றிலும் தள்ளவில்லை. ஆயினும் வெட்டுகள் தசை மிகுந்த இடங்களில் இல்லாமல் தலையையும் கழுத்தையும் சுற்றியே செறிந்திருப்பது அதற்குப் பொருந்தவில்லை. இன்னொரு விளக்கம், இறந்தவர் எழுந்து வந்து தீங்கு செய்வார் என்ற அச்சம். அப்படி எழும் பிணங்களைத் தோண்டியெடுத்து வெட்டி எரித்த கதைகளை 12ஆம் நூற்றாண்டு யார்க்சையர் வரலாற்றெழுத்தாளர் நியூபரோவின் வில்லியம் பதிவு செய்திருக்கிறார். அவர் கேட்டு எழுதிய அச்சத்தின் எலும்பு வடிவம் இதுவாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் சாய்ந்த பக்கம்.

செய்தித்தாள்கள் இதை 'நடைப்பிணங்கள்' என்று தலைப்பிட்டுக் கொண்டாடின. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மழலை என்பதை நினைத்தால் அக்கொண்டாட்டம் அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. குழந்தைக்கு ஒன்றரை வயது வரை பாலூட்டி வளர்த்த அதே சமூகம் தான், மண்டை நொறுங்கியவரைப் பிழைக்க வைத்த அதே சமூகம் தான், கோவிலின் பார்வைக்கு எட்டிய தூரத்தில் சிலரைக் கோவில் மண்ணுக்கு வெளியே இப்படிச் சிதைத்துப் போட்டது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் அவ்வூரைப் புரிந்துகொள்ள இயலாது.

இன்றைய நிலை

கோவிலும் ஊர்ப்பகுதியும் இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் உள்ளன. சுவர்கள் மேலும் சரியாதபடி உறுதிப்படுத்தப்பட்டுள்ளன. ஆலைக்காகவும் மீனுக்காகவும் பயன்பட்ட குளத்துக்கு மீண்டும் நீர் தேக்கப்பட்டுள்ளது. அகழ்ந்த வீட்டு அடித்தளங்கள் பெரும்பாலும் மண்ணால் மூடப்பட்டு, அவற்றின் வடிவம் மட்டும் புல்லில் தெரிகிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே இறங்க வேண்டும். பாதி வழி வரை கோவில் கண்ணில் படாது.

கல்லறைத் தோட்டத்தில் இன்று நிற்கும் நடுகற்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் திக்சென்டேலிலிருந்தும் சுற்றுப் பண்ணைகளிலிருந்தும் சுமந்துவரப்பட்டவர்களுடையவை. வாரம் பெர்சி ஊர்க்காரர் எவருக்கும் அங்கே கல் இல்லை. மேட்டிலுள்ள வீட்டு மேடைகளின் மேல் கால்நடைகள் மேய்கின்றன.